கடல் கைவிட்ட நகரம்

பெல்ஜியம் நாட்டிலுள்ள புரூஜ் நகருக்கு நீங்கள் போக நேர்ந்தால், முதலில் மணிக்கூண்டில் ஏறுங்கள். உயரம் 83 மீட்டர், படிகள் 366. எனக்கு மூச்சு வாங்கிப் போச்சு! ஆனால் மேலே நின்று பார்த்தால், கால்வாய்களும் கற்பாலங்களும் செங்கல் வீடுகளும் கண்ணை விட்டு அகலா. எல்லாமே பழையவை என்று ஏமாந்துவிடாதீர்கள். சில, 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் எடுத்துக் கட்டியவை.

கடலோ வடக்கே, பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால். பின் இது எப்படித் துறைமுக நகரமாச்சு?

1134-இல் அடித்த பெரும்புயல் கரையை உடைத்து, ஸ்வின் என்னும் கழிமுகத்துக்கு வழிவிட்டது. கப்பல்கள் அதன் வழியே தாம் என்ற சிற்றூர் வரை வந்தன. சரக்குகள் அங்கே படகுக்கு மாறிக் கால்வாயில் ஊருக்குள் நுழைந்தன. இங்கிலாந்தின் கம்பளி ரோமம் வந்தது. ஜெனோவா, வெனிஸ் வணிகர் வந்தனர். வான் டெர் பூர்சே குடும்பத்தாரின் விடுதி வாசலில் அவர்கள் கூடிப் பேரம் பேசினார்கள். பங்குச் சந்தைக்குப் ‘பூர்ஸ்’ என்ற பெயர் அந்தக் குடும்பத்தால் வந்தது என்பர். நம் ‘புர்சா மலேசியா’வும் அதே சொல்தாங்க!

கடல் கொடுத்ததைக் கடலே வாங்கிக்கொண்டது. கடலை மட்டும் குறை சொல்வானேன்? விளைநிலம் வேண்டுமென்று மனிதர்கள் கரை எழுப்பிச் சதுப்பு நிலத்தை அடைத்தார்கள். ஏறி இறங்கும் நீர் குறைந்தது. மணலை அடித்துச் செல்ல வேகமில்லை, கழிமுகம் தூர்ந்தது. போதாக்குறைக்கு, 1488-இல் நகரத்தார் ஆட்சியாளர் மாக்சிமிலியனைச் சிறைவைத்தார்கள். வெளியே வந்தவர் சும்மா இருப்பாரா? அயல்நாட்டு வணிகரை ஆண்ட்வெர்ப்புக்குப் போகச் சொன்னார். 1501-இல் போர்த்துக்கீசியரின் இந்திய மிளகும் அங்கேதான் இறங்கியது.

பிறகு புரூஜில் நீண்ட வறுமை. 19-ஆம் நூற்றாண்டில் ஏழைப் பெண்களும் சிறுமிகளும் சொற்பக் கூலிக்கு நாள் முழுதும் சரிகைப் பின்னல் பின்னினார்கள். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட யாரிடம் காசு இருந்தது? பெரிய ஆலைகளும் வரவில்லை. ஊர் அப்படியே நின்றதற்குக் காரணம் அதுதான். 1892-இல் ரோடன்பாக் தம் நாவலுக்கு ‘இறந்த புரூஜ்’ என்றே பெயர் வைத்தார்! 2000-இல் அதே ஊரை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது.

மணிக்கூண்டோடு திரும்பிவிடாதீர்கள். பின்தெருக்களில், தோட்டத்தைச் சுற்றி வெள்ளையடித்த சிறு வீடுகள் வரிசையாக இருக்கும். ஏழைகளுக்கும் முதியோருக்கும் செல்வர்கள் அறமாகக் கட்டிக் கொடுத்தவை. பலவற்றில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். உள்ளே போனால் மெல்லப் பேசுங்கள்.