லின்னேயன் சங்கமும் பரிணாமக் கொள்கையும்

இலண்டன் லின்னேயன் சங்கம் ஒரு தனிமனிதரின் சேகரிப்பைச் சுற்றி எழுந்தது. சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் விட்டுச்சென்ற உலர்தாவரங்கள், பூச்சிகள், சிப்பிகள், நூல்கள், கடிதங்கள் அத்தனையையும் 1784-இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவ மாணவர் விலைக்கு வாங்கினார். 1788-இல் சங்கம் பிறந்தது. ஸ்மித் மறைந்தபின் சேகரிப்பைச் சங்கமே வாங்கியது. அந்தக் கடன் அடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

படைக்கப்பட்ட இனங்கள் மாறுவதில்லை என்ற நம்பிக்கையோடு வகைப்பாட்டுப் பணியில் இறங்கியவர் லின்னேயஸ். அவர் பெயர் தாங்கிய அவையிலேயே அந்த நம்பிக்கையை அசைத்த கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. அதற்கு வழிவிட்டது ஒரு மரணம்.

1858 ஜூன் 10 அன்று சங்கத்தின் முன்னாள் தலைவர் ராபர்ட் பிரவுன் காலமானார். ஜூன் 17-இல் நடக்கவிருந்த கூட்டம் ஜூலை 1-க்குத் தள்ளிப்போனது. இடைப்பட்ட நாட்களில் டார்வின் கலங்கிப்போயிருந்தார். இருபது ஆண்டுகளாக அவர் யோசித்துவந்த இயற்கைத் தேர்வுக் கருத்தையே, மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் கட்டுரையாக்கி அனுப்பியிருந்தார். நண்பர்கள் லயலும் ஹூக்கரும் இருவர் எழுத்தையும் சேர்த்து அவையில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். வாலஸிடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வர மாதங்கள் ஆகியிருக்கும். ஆனாலும் இந்த அவசரம் யாருக்குச் சாதகம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

அன்று செயலாளர் பென்னட் கட்டுரைகளைப் படித்தார். டார்வின் வரவில்லை; அவருடைய கைக்குழந்தை ஜூன் 28-இல்தான் செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்திருந்தது. அவையில் இருந்தவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். விவாதம் எழவில்லை. எதிர்ப்பு என்றால் கூச்சலும் கண்டனமும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே அது மௌனமாக வந்தது. கேட்டவர்களில் ஒருவருக்கு மட்டும் உடனே உறைத்தது: இனங்கள் நிலையானவை என்ற எண்ணத்தில் தாம் எழுதிவந்திருந்த கட்டுரையை ஜார்ஜ் பெந்தம் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

தலைவர் தாமஸ் பெல், டார்வினின் பீகிள் கப்பல் பயணத்தில் கிடைத்த ஊர்வனவற்றை ஆராய்ந்து எழுதியவர். அவரே 1859 மே மாதத் தலைமையுரையில், துறையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் கடந்த ஆண்டில் நிகழவில்லை என்றார். இதை இன்று நகைச்சுவைத் துணுக்காகச் சொல்கிறோம். அது முழு நியாயமல்ல. வாசிக்கப்பட்டவை சுருக்கங்கள், சான்றுகளைக் குவித்த ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பர் 24-இல்தான் வெளிவந்தது. மறுத்தவர்களும் மரபை மட்டும் நம்பிப் பேசவில்லை. பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிக் கடத்தப்படுகின்றன என்ற கேள்விக்கு டார்வினிடம் சரியான விடை இல்லை. அந்த இடைவெளி நிரம்ப மெண்டலின் ஆய்வு 1900-இல் மறுபடி கண்டெடுக்கப்பட வேண்டியிருந்தது.

சங்கத்துக்குரிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தலைவருக்கு உடன்பாடில்லாத கருத்தை, வாசித்த இரண்டே மாதத்துக்குள், 1858 ஆகஸ்டில், தன் இதழில் அது அச்சேற்றியது. கட்டுரையைத் திரும்பப் பெற்ற பெந்தம் 1861-இல் தலைவரானார். தயங்கித் தயங்கியே புதுக்கொள்கைக்கு வந்துசேர்ந்தார்.

1908 ஜூலை 1-இல் அந்த வாசிப்பின் பொன்விழா நடந்தது. 85 வயது வாலஸ் நேரில் வந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்பட்டுவந்த அந்த டார்வின்–வாலஸ் பதக்கம் 2010 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது.