குவாந்தான் கடலில் மறைந்த தளபதி

மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள குவாந்தான் நகரை நாம் அறிவோம். அந்நகருக்கு அப்பால், நடுக்கடலின் அடியில் இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. ஒன்று ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, மற்றொன்று ‘ரிப்பல்ஸ்’. 1941 டிசம்பர் 10ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அவ்விரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர், அந்தப் படையை நடத்திச் சென்ற அட்மிரல் சர் டாம் பிலிப்ஸ். மலாயாவின் தலைவிதியோடு பின்னிப் பிணைந்த அவருடைய வாழ்க்கையை இன்று சற்று நோக்குவோம்.

பிலிப்ஸ் 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். பதினைந்து வயதளவில் கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது மத்தியதரைக் கடலிலும் தூரக் கிழக்கிலும் பணியாற்றினார். உருவத்தில் மிகச் சிறியவர். ஆதலால் தோழர்கள் அவரைக் கட்டைவிரலுக்கு ஒப்பிட்டு, ‘டாம் தம்ப்’ என்று கேலியாக அழைத்தனர். ஆனால் அறிவுக் கூர்மையிலும் உழைப்பிலும் அவருக்கு நிகரானவர் சிலரே. லண்டனிலிருந்த கடற்படைத் தலைமையகத்தில் திட்டப் பிரிவின் இயக்குநரானார். 1939இல் கடற்படைத் துணைத் தலைமை அதிகாரியாக உயர்ந்தார். இரண்டாம் உலகப் போரின் முதல் இரண்டு ஆண்டுகளையும் அவர் கழித்தது அந்த அலுவலகத்தில்தான். கடலிலே விமானத் தாக்குதல் எப்படியிருக்கும் என்பதை அவர் அறிக்கைகளில் படித்தாரேயன்றி நேரில் கண்டதில்லை.

அக்காலத்தில் ஒரு நம்பிக்கை பரவலாக இருந்தது. திறந்த கடலில் விரைந்து ஓடி, எதிர்த்துச் சுடவும் வல்ல பெரிய போர்க்கப்பலை விமானங்கள் மட்டும் தனித்து மூழ்கடிக்க இயலாது என்பதே அது. அதுவரை அப்படி நடந்ததுமில்லை. பிலிப்ஸ் இந்த நம்பிக்கையில் உறுதியாக இருந்தார்.

ஜப்பானின் போக்கைக் கண்டு கவலையுற்ற பிரிட்டிஷ் அரசு, 1941இல் அவரைக் கிழக்குக் கப்பற்படையின் தலைவராக நியமித்தது. டிசம்பர் 2ஆம் நாள் இரு பெருங்கப்பல்களும் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தை அடைந்தன. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றும் உடன் வரவில்லை. ஆறே நாட்களில், டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் தரையிறங்கினர்.

பிலிப்ஸ் என்ன செய்வது? தரைப்படையும் விமானப்படையும் போராடிக்கொண்டிருக்கையில் கடற்படை துறைமுகத்தில் சும்மா இருக்கலாமா? கப்பல் தலைவர்களோடு கலந்து பேசினார். எதிரியின் படகுகளைத் திடீரெனத் தாக்குவது என்று முடிவாயிற்று. அன்று மாலையே இரு பெருங்கப்பல்களும் நான்கு சிறு நாசகாரிக் கப்பல்களும் வடக்கு நோக்கிப் புறப்பட்டன. வடக்கே போர் விமானப் பாதுகாப்புக் கிட்டாது என்ற செய்தி வழியிலேயே வந்து சேர்ந்தது. இருந்தும் அவர் பயணத்தைத் தொடர்ந்தார். திடீர்த் தாக்குதலுக்கு இரகசியம் வேண்டும். ஆகவே கம்பியில்லாத் தந்தியில் எந்தச் செய்தியும் அனுப்பாமல் மௌனம் காத்தார்.

9ஆம் நாள் மாலை எதிரி விமானங்கள் கண்ணில் பட்டன. இரகசியம் குலைந்துவிட்டது. இருட்டியபின் பிலிப்ஸ் கப்பல்களைத் தெற்கே திருப்பினார். அந்த முடிவில் விவேகம் இருந்தது. ஆனால் நள்ளிரவையொட்டிச் சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி வந்தது: எதிரி குவாந்தானில் தரையிறங்குவதாகத் தகவல். பிலிப்ஸ் குவாந்தானை நோக்கித் திரும்பினார். தாம் அங்கே போகும் செய்தியைச் சிங்கப்பூருக்கு அவர் சொல்லவில்லை. கரையிலிருந்த தம் அதிகாரிகள் குறிப்பறிந்து விமானங்களை அனுப்புவார்கள் என அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பர் வரலாற்றாசிரியர்கள். அவர்களோ அவர் எங்கிருக்கிறார் என்பதே அறியாதிருந்தனர்.

குவாந்தானில் எதிரி இல்லை. வந்த தகவல் பொய். 10ஆம் நாள் காலை பத்து மணியளவில் ஜப்பானிய வேவு விமானமொன்று கப்பல்களைக் கண்டுகொண்டது. அதற்குப் பிறகும் மௌனம் காப்பதில் என்ன பயன்? ஆயினும் பிலிப்ஸ் உதவி கேட்கவில்லை. பதினொரு மணிக்குப் பின் குண்டுகளும் டார்பிடோக்களும் பாய்ந்தன. சைகோன் பகுதியின் விமானத் தளங்களிலிருந்து அத்தனை தொலைவு கடந்து அவை வந்திருந்தன. நண்பகலுக்குச் சற்று முன், தாக்குதல் நடப்பதாகச் சிங்கப்பூருக்கு முதலில் அறிவித்தவர் ‘ரிப்பல்ஸ்’ தலைவர் டெனன்ட். செம்பாவாங்கிலிருந்து போர் விமானங்கள் விரைந்தன. அவை வந்து சேர்வதற்குள் ‘ரிப்பல்ஸ்’ மூழ்கிவிட்டது; ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’ மூழ்கும் தறுவாயில் இருந்தது. நாசகாரிக் கப்பல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றின. பிலிப்ஸ் திரும்பவில்லை.

இதன் விளைவு மலாயா மக்களின் தலையில் விழுந்தது. கடலில் ஜப்பானியரைத் தடுக்கவல்ல பெருங்கப்பல் எதுவும் இங்கே எஞ்சவில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் நம் மக்கள் பசியையும் அச்சத்தையும் அனுபவித்தனர். தோட்டப் பாட்டாளிகளான தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர்.

பழி முழுவதையும் பிலிப்ஸ் மீது சுமத்துவது நேர்மையாகாது. போதிய விமானங்களின்றிக் கப்பல்களை அனுப்பியவர்கள் லண்டனில் இருந்தனர். பிலிப்ஸ் கோழையுமல்லர், அறிவிலியுமல்லர். ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. இரகசியம் காக்கும் நேரம் ஒன்று உண்டு. வாய் திறக்கும் நேரமும் ஒன்று உண்டு. தம் மனத்திலிருப்பதைப் பிறர் தாமே உணர்ந்துகொள்வர் என்று நம்பியிருக்கும் தலைவர், தம்மை நம்பி வந்தவர்களையும் ஆபத்தில் ஆழ்த்துகிறார். குவாந்தான் கடல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.