இளிவரல்

பழனிக்கு அடுத்த பாலசமுத்திரத்தில் படிப்பகத்து இளைஞர் சிலர் எம்மிடம் வினா ஒன்று எழுப்பினர். கண்டால் குமட்டும் கடும் வெறுப்பை அருவருப்பு என்கிறோமே, பண்டைத் தமிழர் அதனை எப்பெயரால் அழைத்தனர் என்பது வினா.

இளிவரல் என்றனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மாந்தர்தம் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறது. நகை, அழுகை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக நிற்பது இளிவரல். அது பிறக்கும் நிலைக்களன் எவை? மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கினைச் சொல்கிறது அந்நூல். மென்மை என்பது ஈண்டு மலரின் மென்மையன்று. வலியற்று எளியராய் நிற்கும் நிலை. இந்நான்கும் தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என்பர் உரையாசிரியர்.

தோழர்களே, அப்பட்டியலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறப்பு அதில் உண்டா? இல்லை! வேந்தனுக்கும் மூப்பு வரும். வேதியனுக்கும் பிணி வரும். இன்னார் வயிற்றில் பிறந்தார், ஆகவே அவரைக் கண்டு அருவருப்போம் என்பதற்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை.

வள்ளுவரோ மானம் என்னும் அதிகாரத்தில் இச்சொல்லைத் தன்பால் திருப்புகிறார். தனக்கு இளிவு நேர்ந்தபின் உயிர்வாழ ஒப்பாதாரைப் பேசுகிறது அக்குறள். பிறரை நோக்கிக் காறி உமிழும் சொல்லன்று அது. தன் தாழ்வு கண்டு தான் கூசும் சொல்.

இதனால் அக்காலம் பொற்காலம் என்று நாம் பறைசாற்றவில்லை. அதே தொல்காப்பியத்து மரபியலில் நால்வகுப்புப் பேச்சு இருக்கிறது. இடைச்செருகல் என்பார் உளர். இருப்பதை இல்லை என்று மறைத்தல் பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

குமட்டல் உடற்கு இயல்பு. அழுகிய பொருளிலிருந்து உயிரைக் காக்கும் காவல் அது. அக்காவலைப் பிடித்து மனிதன்மேல் ஏவியதே சாதி. கழிவை உண்டாக்கியவர் தூயராம். அதனைக் கையால் அள்ளியவர் தீட்டாம்! என்னே இவர்தம் மூக்கு! கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் பிறந்தது. அது போதாதென 2013இல் மற்றொன்று வேண்டியிருந்தது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்ததோ 1950இல்.

ஒழிந்ததா? நெடுந்தொலைவு போக வேண்டா. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்றது ஒரு சுவர். 2008 மே 6ஆம் நாள் மாவட்ட நிருவாகம் அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. நோய் கண்டோ, நாற்றம் கண்டோ அல்ல, அவ்வழியே மனிதர் நடந்து வருவரே என்று பொறாமல், சுவருக்கு அப்பால் வாழ்ந்த குடும்பங்கள் பல வீட்டைப் பூட்டிவிட்டு மலையடிவாரம் சென்று தங்கின.