குசினி எங்க இருக்கோணும்?

எங்கட வீட்டுக் குசினியில இப்ப நெல் மூட்டைதான் இருக்கு. மீள்குடியேறின பிறகு, 2012இல் ஒரு வீட்டுத்திட்டத்தில கிடைச்ச வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை, மூலையில ஒரு குசினி. தறப்பாள் கொட்டிலுக்குள்ள இரண்டு மாரி கழிச்ச எங்களுக்கு அந்தச் சீமெந்துச் சுவர் பெரிய ஆறுதல், அதில பொய்யில்லை. ஆனா அம்மம்மா சமைக்கிறது விறகடுப்பில. முதல் கிழமையே வீடு முழுக்கப் புகை அடைச்சு எல்லாருக்கும் கண் எரிஞ்சது. அடுத்த கிழமை அப்பா பின்பக்கம் கிடுகால ஒரு கொட்டில் போட்டார். எங்கட ஒழுங்கையில முக்கால்வாசி வீடுகளுக்குப் பின்னால அப்படி ஒரு கொட்டில் இருக்கு.

"குசினியை எங்க வைக்கிறது எண்டு ஆரும் எங்களைக் கேட்டவையே?" எண்டு அம்மம்மா அடிக்கடி சொல்லுவா. நான் அதைப் பகிடி எண்டுதான் நினைச்சிருந்தனான். பேராதனைக்குப் படிக்க வந்து, ஒரு ஒப்படைக்காக வாசிக்கத் தொடங்கின பிறகுதான் தெரிஞ்சது, அந்தக் கேள்வியை இதே கண்டியில ஒரு பெண் அறுபது வருஷத்துக்கு மேல முன்னமே கேட்டிருக்கிறா எண்டு.

அவருடைய பெயர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி, பின்னாளில் சுகாதார அமைச்சர். தாய் ஆக்னஸ், 1920களின் கடைசியில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களில் முன்னுக்கு நின்றவர். 1931இல் இலங்கைக்கு சர்வசன வாக்குரிமை வந்ததற்குப் பின்னால் அந்தப் பெண்களின் உழைப்பும் உண்டு. சாதாரண சனத்திட்டயும் அபிப்பிராயம் கேட்கோணும் எண்ட யோசனை அந்த வீட்டில புதுசாக இருந்திருக்காது.

மினெட் முதலில் பம்பாயில் கட்டடக்கலை படித்தார். காந்தியின் விடுதலையைக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்க மறுத்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு லண்டனில் படிப்பை முடித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியப் பெண் அவர்தான். உலகப் புகழ்பெற்ற லீ கோர்பூசியே அவருடைய நண்பர். ஆனாலும் அவர் ஐரோப்பாவைக் கொண்டுவந்து கண்டியில் இறக்கவில்லை. ஊருக்கு வந்து 1951இல் முடித்த கருணாரத்ன வீட்டில் கொங்கிறீற்றும் கண்ணாடியும் இருந்தன. கூடவே தும்பறை நெசவுப் பாய்களும் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இருந்தன. நவீனமாகவும் இருக்கோணும், இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் கைவேலைக்கும் பொருந்தவும் வேணும் என்பதுதான் அவருடைய வாதம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. 1950களின் பிற்பகுதியில் கண்டிக்குப் பக்கத்தில் வட்டபுளுவ என்ற இடத்தில் அரச ஊழியர்களுக்காக ஒரு வீட்டுத்திட்டம் வந்தது. சுமார் 250 வீடுகள். ஒரு வரைபடத்தைக் கீறி அதையே 250 தரம் கட்டியிருந்தால் வேலை சுகமாக முடிஞ்சிருக்கும். மினெட் அப்படிச் செய்யவில்லை. குடியிருக்கப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்தார், அவர்களைச் சந்தித்துப் பேசினார். அவரவருடைய தேவையும் பழக்கமும் வருமானமும் என்ன என்று கேட்டு, அதற்கேற்ப வீட்டு வகைகளை வடிவமைத்தார். 'மக்கள் பங்கேற்பு' என்று இண்டைக்கு எல்லாத் திட்ட அறிக்கையிலயும் எழுதுகினம். அவர் அதை அப்பவே செய்து காட்டியிருக்கிறார்.

இதைப் பெரிய பொற்காலமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. வினாக்கொத்து நிரப்பினவர்கள் மாதச் சம்பளக்காரர், படித்தவர்கள். அத்தோடு காலத்தையும் பாருங்கோ. பல இனத்தவரும் அயலில் வாழவென்று அந்த வீடுகள் எழும்பின அதே ஆண்டுகளில்தான் 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் தமிழ் அரச ஊழியர்களின் காலடி நிலத்தை அசைத்தது. 1958 மே மாதத்தில் கலவரம். நல்ல வீதியும் நல்ல யன்னலும் ஒரு நாட்டின் அரசியலைத் திருத்தாது. ஆனால் கேட்டுக் கட்டுவது ஏலாத காரியம் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. இந்த நாட்டிலேயே, கணினி இல்லாத காலத்திலேயே, ஒரு பெண் செய்திருக்கிறார்.

அந்த வழி எங்களுக்கு வந்து சேரவில்லை. மினெட் 1998இல் கண்டியில் காலமானபோது பெரிதாகப் பேசப்படவில்லை. இலங்கைக் கட்டடக்கலை என்றால் நாங்கள் ஜெப்ரி பாவாவின் பெயரைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறம். 2016 அளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தருவதாக அரசாங்கம் அறிவித்தது ஞாபகமிருக்கும். எங்கட வெக்கைக்கு இது சரிவருமா, திருத்த வேண்டி வந்தால் ஊர் மேசன் என்ன செய்வார் என்ற கேள்விகள் அறிவிப்புக்குப் பிறகுதான் எழுந்தன. எதிர்ப்பு வலுத்த பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. முதலே கேட்டிருந்தால் அந்தக் காலமெல்லாம் சனம் கொட்டிலுக்குள்ள காத்திருக்கத் தேவையில்லை.

போன விடுமுறைக்கு வீட்டை போனபோது இந்தக் கதையை அம்மம்மாவுக்குச் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டா: "அந்தப் பிள்ளை கேட்டதோட விட்டிட்டாவோ, இல்லாட்டி அவை சொன்ன மாதிரிக் கட்டிக் குடுத்தவாவோ?"

"கட்டிக் குடுத்தவா" எண்டன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு அகப்பையாலேயே வளவைக் காட்டிச் சொன்னா: "அந்தப் பக்கம் வைச்சிருக்கோணும். கிணத்தடிக்குக் கிட்ட. சோளகம் புகையை வீட்டுக்குள்ள தள்ளாது. படலையைத் திறந்து ஆர் வருகினம் எண்டும் தெரியும்."

பன்னிரண்டு வருஷமா அவவிட்ட அந்தப் பதில் தயாரா இருந்திருக்கு. நானும் அண்டைக்குத்தான் முதல்முறை கேட்டனான்.