லிஸ்ட்ல பேர் இருக்கா?

இன்னைக்கு எபிசோடு ஒரு எக்செல் ஷீட்ல இருந்து ஆரம்பிக்குது. 2020 ஏப்ரல். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. ரூம்மேட்ஸ் எல்லாம் ஊருக்குப் போயாச்சு, நான் மட்டும் வேளச்சேரில மாட்டிக்கிட்டேன். அப்போ ஒரு வாட்ஸ்அப் குரூப், பசியோட இருக்கிறவங்க நம்பரை வாங்கி, பக்கத்துல இருக்கிற வாலண்டியர்கிட்ட கொடுக்கிற வேலை பண்ணிட்டிருந்தது. "டேய், நீ ஐடி தானே, ஷீட்டை நீ பாத்துக்கோ"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. அந்த ஷீட்ல நான் ஒரு தப்பு பண்ணேன். அதைக் கடைசியில சொல்றேன், முதல்ல கொஞ்சம் வரலாறு.

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டுல 144 தடை உத்தரவு வந்தது. அன்னைக்கு ராத்திரியே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்குன்னு பிரதமர் அறிவிச்சார். அதே நாள்ல முதல்வர் பழனிசாமி, அரிசி கார்டு இருக்கிற எல்லா குடும்பத்துக்கும் 1,000 ரூபாய், கூடவே இலவசமா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரைன்னு சொன்னார். ஏப்ரல் முதல் வாரத்துல கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கடைல கூட்டம் சேரக் கூடாதுன்னு தேதி, நேரம் போட்ட டோக்கன் வேற.

ஒரு இன்ஜினியரா இதை யோசிச்சுப் பாருங்க. கிட்டத்தட்ட ரெண்டு கோடி குடும்பம். பத்து நாளைக்குள்ள பணமும் பொருளும் போக ஆரம்பிக்குது. புதுசா ஆப் இல்ல, ரெஜிஸ்ட்ரேஷன் இல்ல, "உங்க வருமானச் சான்றிதழை அப்லோட் பண்ணுங்க" இல்ல. எப்படி முடிஞ்சது? லிஸ்ட் ஏற்கனவே இருந்தது. தெருவுக்குத் தெரு கடையும் இருந்தது. பில் போடுற ஊழியருக்கு பாதி பேரை முகம் பார்த்தே தெரியும்.

அந்த லிஸ்ட் சும்மா வந்துடல. நூறு வருஷம் முன்னாடி போவோம். 1918-ல மழை பொய்ச்சுது, முதல் உலகப் போரால விலைவாசி எகிறிச்சு. செப்டம்பர்ல மெட்ராஸ்ல ஜனங்க தானியக் கடைகளை சூறையாடுற அளவுக்கு நிலைமை போச்சு. அந்தப் பஞ்ச நேரத்துலதான் இன்ஃப்ளூயன்சாவோட ரெண்டாவது அலையும் அடிச்சது. இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கும் மேல செத்துப்போனாங்க. வீட்டுக்கு வீடு அரிசி கொடுக்கணும்னு அன்னைக்கு சர்க்கார் நினைச்சிருந்தாலும், யார் வீட்டுக்குன்னு சொல்ல ஒரு காகிதம் கிடையாது.

அந்தக் காகிதம் வந்தது அடுத்த உலகப் போர்லதான். பர்மாவை ஜப்பான் பிடிச்சதும் பர்மா அரிசி வரத்து நின்னுபோச்சு; 1940-கள்ல மெட்ராஸ் ரேஷன் கார்டுக்குப் பழகிச்சு. 1952-ல ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டைத் தூக்கினார், ஜனங்க கொண்டாடினாங்க. ஆனா 1967 தேர்தலே அரிசியைச் சுத்தித்தான் நடந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னு சொன்ன அண்ணா ஜெயிச்சு, சென்னையிலயும் கோவையிலயும் அதை ஆரம்பிச்சும் வச்சார். 1972-ல நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படுற வருஷம் 1997. மத்திய அரசு, ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலேன்னு ரெண்டாப் பிரிக்கச் சொன்னது. தமிழ்நாடு பிரிக்கல, எல்லாருக்கும்னே வச்சுக்கிச்சு. வசதியானவனுக்கு எதுக்கு ரேஷன் அரிசின்னு அப்பவும் கேட்டாங்க, இப்பவும் கேக்கறாங்க. நானும் காலேஜ்ல கேட்டிருக்கேன். ஆனா ஏழைன்னு நிரூபிச்சாதான் உள்ள விடுவோம்னு ஒரு லிஸ்ட் இருந்திருந்தா, 2020 மார்ச் மாசம் திடீர்னு ஏழையான ஆட்டோக்காரர், ஜவுளிக்கடைப் பையன், கல்யாண போட்டோகிராபர் எல்லாம் எங்க போய் நிரூபிப்பாங்க? எந்த ஆபீஸ் திறந்திருந்தது? 2021-ல ஸ்டாலின் பதவியேத்த அன்னைக்கே கையெழுத்துப் போட்ட 4,000 ரூபாயும், ரெண்டு தவணையா 2.07 கோடி குடும்பத்துக்கு, இதே கார்டு வழியாத்தான் போச்சு. ஆட்சி மாறினாலும் குழாய் அதேதான்.

லிஸ்டே இல்லாம ஓடினது இன்னொண்ணு இருக்கு: அம்மா உணவகம். 2013-ல சென்னை மாநகராட்சி ஆரம்பிச்சது, சமைக்கிறது சுய உதவிக் குழுப் பெண்கள், ஒரு ரூபாய்க்கு இட்லி. ஊரடங்குலயும் திறந்திருந்தது, சில கட்டங்கள்ல இலவசமாவே போட்டாங்க. யாரு நீ, எந்த ஊருன்னு அங்க கேக்க மாட்டாங்க. நானே மெஸ் மூடின பிறகு ஒரு வாரம் அங்கதான் சாப்பிட்டேன், பக்கத்துல ஒரு டெலிவரி அண்ணன், அவர் பக்கத்துல ஒரு பேங்க் ஊழியர். ஆனா அங்க வரைக்கும் நடந்து வரணும்ல? சைட் கேட்டைப் பூட்டி, வெளிய போலீஸ் நிக்கிறப்போ, உள்ள இருக்கிற பீகார் மேஸ்திரி எப்படி வருவார்?

அவர் ரேஷன் கார்டு பீகார்ல இருக்கு. அது அப்போ இங்க செல்லல. ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டுக்கு வந்தது 2020 அக்டோபர்ல. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய்னு அரசு அறிவிச்சது உண்மை. ஆனா அவங்க யாரு, எத்தனை பேர், எந்த சைட்? அந்தக் கணக்கை எடுத்து வைக்கணும்னு 1979-லயே போட்ட சட்டம் அப்போ இருந்தது. ஒப்பந்ததாரர் பதிவு பண்ணியிருக்கணும், ஒவ்வொருத்தருக்கும் பாஸ்புக் தந்திருக்கணும். எழுதி வச்சிருந்தா ஒரு குவெரில வந்திருக்கும். 2020 செப்டம்பர்ல, ஊர் திரும்புறப்போ எத்தனை தொழிலாளர்கள் இறந்தாங்கன்னு நாடாளுமன்றத்துல கேட்டப்போ, அப்படி ஒரு தரவே இல்லன்னு தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது.

அந்த இடைவெளியைத்தான் எங்களை மாதிரி குரூப்புங்க அடைச்சிட்டிருந்தாங்க. அதுக்கும் ஏப்ரல் நடுவுல ஒரு தடை வந்தது: கட்சிகளோ அமைப்புகளோ நேரடியா உணவு கொடுக்கக் கூடாதுன்னு அரசு சொன்னது. விஷயம் உயர் நீதிமன்றம் போய், முன்கூட்டியே தகவல் சொல்லிட்டு, சில பேர் மட்டும் போய் கொடுக்கலாம்னு அனுமதி கிடைச்சது. கூட்டம் சேர்ந்தா தொத்து பரவும்ங்கிற பயத்துல நியாயம் இருக்கு. ஆனா அந்த நாலஞ்சு நாள் எங்களுக்கு வந்த போன்கள் குறையல.

சரி, என் தப்பு. ஷீட்ல வரிசை ஏறிக்கிட்டே போச்சு. ஒரே போன் நம்பர் பல வரில இருக்கிறதைப் பார்த்தேன். டூப்ளிகேட்! காலேஜ்ல சொல்லிக்கொடுத்த மாதிரி நம்பரை வச்சு டீடூப் பண்ணிட்டு, "கிளீன் பண்ணியாச்சு"ன்னு குரூப்ல தம்ஸ்அப் வேற போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பெரும்பாக்கம் பக்கம் ஒரு சைட்டுக்குப் போன அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, ஒருத்தர்னு ஒரு பை கொடுத்து விட்டிருக்கே. இங்க பதினோரு பேர் நிக்கறாங்க."

பதினோரு பேர்ல ஒருத்தர் போன்லதான் ரீசார்ஜ் இருந்தது. எல்லாரும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாங்க. மத்த பத்து வரியை நான் அழிச்சிருந்தேன். அந்த ஒரு பையை வச்சு ரெண்டு நாள் ஓட்டிடுவோம்னு அவங்க சொன்னாங்களாம். பழைய வெர்ஷனை மீட்டு எடுத்துப் பார்த்தா, இதே மாதிரி இன்னும் நாலு சைட். ராத்திரி முழுக்க ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டு, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தில "கித்னே லோக்?"னு கேட்டுக்கிட்டே இருந்தேன். மூணு நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப்.

இன்னொண்ணு. அந்த ஏப்ரல்ல எங்க குடும்பத்துக்கான 1,000 ரூபாயை அப்பா சங்கரன்கோவில் கடைல வாங்கினார். கார்டுல என் பேரும் இருக்கு, இன்னைக்கு வரைக்கும் அங்கதான் இருக்கு. சென்னைல எட்டு வருஷமா வாடகை கட்டுறேன், இந்த ஊர் லிஸ்ட் எதுலயும் நான் இல்ல. உங்க பேரு எந்த ஊர் கார்டுல இருக்குன்னு வீட்டுல கேட்டு, கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.