கிரீன்லாந்தை உருக்கிய மெல்லிய மேகம்

இன்னைக்குக் கதை 2012 ஜூலையில் ஆரம்பிக்குது.

நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் சொன் நியெம் என்ற விஞ்ஞானி ரேடார் தரவு பார்த்துக்கொண்டிருந்தார். தரவு வந்தது நம்ம இஸ்ரோவோட ஓஷன்சாட்-2-லிருந்து. 2009-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய செயற்கைக்கோள். கடல் காற்றை அளக்கப் போனது. அது காட்டியதை அவரே முதலில் நம்பவில்லை, தரவில் ஏதோ பிழை என்று சந்தேகப்பட்டார்.

கிரீன்லாந்தில் கோடையில் வழக்கமாகப் பாதிப் பரப்புதான் உருகும். ஜூலை 8 அன்று சுமார் 40% உருகியிருந்தது. ஜூலை 12 அன்று 97%! நாலே நாள். மற்ற செயற்கைக்கோள்களும் அதையேதான் சொன்னன. 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ‘சம்மிட்’ ஆய்வு நிலையத்திலும் பனி ஈரமாச்சு. பனிக்கட்டியைத் துளையிட்டு எடுத்த பதிவுகளின்படி, அங்கே இதற்கு முன்பு இப்படி நடந்தது 1889-ல்.

வெதுவெதுப்பான காற்று வந்தது ஒரு காரணம். ஆனா அது மட்டும் உச்சியை உருக்கப் போதாது. மிச்சக் கதையை 2013-ல் ரால்ஃப் பென்னார்ட்ஸும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ இதழில் எழுதினாங்க. குற்றவாளி மேகம்.

மேகம் வந்தா நிழல், நிழல்னா குளிர்ச்சி. நமக்குத் தெரிஞ்சது அதுதானே? புதுப்பனி மேல இந்தக் கணக்கு தலைகீழாகும். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் மேகம் வெயிலை மறைத்தாலும் பனிக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனா தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தை மேகம் பிடித்துத் திருப்பி அனுப்பும், போர்வை மாதிரி. அன்று சம்மிட் மேல் இருந்தது தாழ்வான, மெல்லிய, நீர்த்துளி மேகம். வெயிலை உள்ளே விடும் அளவுக்கு மெல்லிசு, வெப்பத்தை வெளியே விடாத அளவுக்குத் தடிமன். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அங்கே வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டியிருக்காது.

இதில்தான் காலநிலை மாடல்கள் சறுக்கின. 1969-ல் லெனின்கிராடில் புடிகோவும் அமெரிக்காவில் செல்லர்ஸும் தனித்தனியாக ஒரு கணக்குப் போட்டாங்க: பனி உருகினா தரை கறுக்கும், கறுத்தா வெயிலை அதிகம் உறிஞ்சும், இன்னும் உருகும். அருமையான கணக்கு. ஆனா புடிகோவின் கணக்கில் மேகமூட்டம் மாறாத ஒரு எண். அதற்குப் பிறகு வந்த பெரிய மாடல்களில் மேகம் உண்டு. ஆனா பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் நிற்கும் நீர்த்துளி மேகங்களைப் பல மாடல்கள் குறைவாகவே காட்டின. துளிகளை அவசரமா ஐஸ் துகளாக்கிடுச்சு.

சரி, மேகம்னாலே கெடுதலா? அதுவும் இல்லை. 2017-ல் ஹோஃபர் குழு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. கிரீன்லாந்தின் ஓரங்களில் கோடையில் வெறும் கறுத்த ஐஸ் வெளியே தெரியும். அது வெயிலைக் குடிக்கும். 1990-களின் நடுவிலிருந்து கோடை மேகங்கள் குறைய, அங்கே உருகல் கூடியது. ஆக, மேகம் என்ன செய்யும் என்பது அதற்குக் கீழே இருக்கும் தரை வெளுப்பா கறுப்பா என்பதையும் பொறுத்தது. ஒன்றைத் தப்பாகப் போட்டால் மற்றதும் தப்பாகும். அந்தப் பனி முழுக்க உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும் என்பதால், இது வெறும் கணக்குப் பிழை இல்லை.

ஓஷன்சாட்-2-வின் அந்த ரேடார் 2014-ல் ஓய்ந்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்று அதே சம்மிட்டில், பதிவு தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, மழை பெய்தது.