தொட்டிக் கால்களில் அச்சுத் தகைவும் வளைவுத் தகைவும்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயக்கழிவு ஒரு சொட்டும் நொய்யல் ஆற்றுக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. அதை நிறைவேற்ற சுத்திகரிப்பு நிலையங்களில் ஆவியாக்கிகளும், சாயமேற்ற மீண்டும் பயன்படும் உப்புநீருக்கான தொட்டிகளும் பெருகின. அவற்றில் பல இரும்புக் கால்களில் நிற்பவை.

இத்தகைய காலில் இரண்டு தகைவுகள் ஒருசேர வேலை செய்கின்றன. எடை நேர்கீழே அமுக்குவது அச்சுத் தகைவு; எடை மையம் விலகி இறங்கினாலோ காற்று பக்கவாட்டில் தள்ளினாலோ உண்டாவது வளைவுத் தகைவு. பலரும் கணக்கிடுவது முன்னதை. காலைச் சாய்ப்பது பெரும்பாலும் பின்னது.

உப்புநீரோடு 12 டன் எடையுள்ள தொட்டி, நான்கு கால்கள் என்று வைத்துக்கொள்வோம். காலுக்கு 30 கிலோநியூட்டன். கால், 114.3 மி.மீ. வெளிவிட்டமும் 4.5 மி.மீ. கனமும் கொண்ட 3 மீட்டர் பைப். அச்சுத் தகைவு 19 மெகாபாஸ்கல்தான். ஆனால் தொட்டிச் சுவரின் பிராக்கெட் காலின் மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளியிருந்தால் 4.5 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புமை பிறக்கும். வளைவுத் தகைவு 110. இரண்டையும் கூட்டினால் 129. 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும் இரும்புக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றும்.

தோற்றம் ஏமாற்றுகிறது. மெலிந்த கால் நசுங்குவதற்கு முன்பே நெளிந்துவிடும். ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணித்துச் சொன்னது இது. அடி இறுகி, தலை பக்கவாட்டில் அசையும் காலின் மெலிவு விகிதம் (நெளிவில் செயல்படும் நீளத்தைக் குறுக்குவெட்டின் சுழல் ஆரத்தால் வகுத்தது) 154. இந்திய எஃகுக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 800-இன் பழைய 1984 பதிப்பு இதற்கு அனுமதித்த அச்சுத் தகைவு சுமார் 43 மட்டுமே, வளைவுக்கு 165. ஒவ்வொரு தகைவையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்டுவதே சோதனை: 0.45 + 0.67 = 1.12. ஒன்றைத் தாண்டியதால் கால் தேறவில்லை. நெளிவு வளைவை இன்னும் பெருக்குவதையும் சேர்த்தால் நிலை மேலும் மோசம்.

தடிமனான பைப் வாங்குவதைவிடக் கால்களுக்கிடையே குறுக்குப் பிரேசிங் போடுவது மலிவு. தலை அசையாமல் நின்றால் விகிதம் 77 ஆகும், அச்சு வரம்பு சுமார் 104க்கு உயரும், கூட்டுத்தொகை சுமார் 0.85க்கு இறங்கும்.

இதே இடத்தில் உப்பு குறுக்கிடுகிறது. கசியும் உப்புநீர் பேஸ் பிளேட்டருகே தேங்கி, பைப்பின் வெளிப்புறத்தை 1 மி.மீ. அரித்துவிட்டால் குறுக்குவெட்டுப் பரப்பும் வளைவு தாங்கும் திறனும் ஏறக்குறைய 23 சதவீதம் குறையும். அரிப்பு கால் முழுக்கப் பரவினால், பிரேசிங் போட்ட காலின் கூட்டுத்தொகையும் 1.1க்கு ஏறிவிடும். பெயின்டுக்கு மேலிருந்து பார்த்தால் இது தெரியாது; அல்ட்ராசோனிக் கருவியால் கனம் அளக்க வேண்டும்.